எழுத்துக் கூலி

பர்கூர் தாண்டி ஜெகதேவி சாலையில் எங்கள் பட்டறை.
கல்லுக்குப் பெயர் பாரடைசோ.
சொர்க்கம் என்று அர்த்தமாம்.
மண்ணுக்குள் கிடந்தவரை அது வெறும் பாறை.

நான் கல் அறுப்பதில்லை.
கணினியில் எழுத்து அடுக்குகிறேன்.
ரப்பர் தாளில் வெட்டிக் கல்மேல் ஒட்டினால்
கோராபுட்டிலிருந்து வந்த பிஜய்
முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மணலை ஊதுவான்.
எழுத்து குழியும்.
எழுத்துக்கு இவ்வளவு என்று பில்.
பிஜய்க்கு நாள் கூலிதான்.

இந்த முறை ஆர்டர்
எங்கோ கடலோரத்துச் சின்ன நாட்டிலிருந்து.
எங்கள் ஜில்லாவைவிட ஜனம் குறைவு.
யாருடைய சண்டையிலோ போய்ச் செத்தவர்களுக்குக் கல்.
பெயர்களின் தலைமேல் நிறையப் புள்ளி.
புள்ளிக்குத் தனி ரேட்.

எங்கள் எழுத்தில்
தலையில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்.
அவர்கள் மொழியில் எப்படியோ.

முதல் கடிதம்:
பன்னிரண்டு சென்டிமீட்டர் கனம்,
இருபுறமும் பாலிஷ், எழுத்துக்குப் பொன் பூச்சு.
முப்பத்தொரு பெயர்.

இரண்டாம் கடிதம்:
எட்டு சென்டிமீட்டர் போதும்.
முதுகுக்குப் பாலிஷ் வேண்டாம்,
சுவரோரம்தானே நிற்கப் போகிறது.
பொன் வேண்டாம், வெள்ளை அடித்துவிடுங்கள்.
பெயர் முப்பத்துநாலு.
நாடு சிக்கனத்தில் இருக்கிறது, பொறுத்தருள்க.
நட்பு நாடுகளுக்குக் கொடுத்த வாக்கில் மட்டும்
கை வைப்பதாக இல்லை.

முதலாளி திம்மராயன் படித்துவிட்டுச் சிரித்தார்:
'ரேஷன் அரிசியில சோறு,
மொய் மட்டும் ஐயாயிரத்தொண்ணு!'

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
போன தையில் கம்மலை அடகு வைத்து
வேப்பனப்பள்ளிக் கல்யாணத்துக்கு எழுதினோம்.
அந்த மாதம் முழுக்கக் களியும் புளித்தண்ணியும்.
குறைத்து எழுதினால் மைக்கில் படிப்பார்கள்.
எழுதாமல் விட்டால்
நாளைக்கு நம் பந்தலில் யார் வந்து உட்காருவார்?
பெரிய வீடு மறந்து போகலாம்.
சின்ன வீடுதான் முந்திக்கொண்டு எழுத வேண்டும்.

அவர்கள் எழுதிய மொய்
இருபத்திரண்டு, பத்தொன்பது,
மறுபடி இருபத்திரண்டு.
பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்க்காமல்
தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் மாந்தோப்பில் சாப்பிடுவோம்.
அங்கே ஒரு வேடியப்பன், ஒரு கையில் வில்,
இடுப்பில் மூன்று அம்பு தைத்தபடி.
யாருடைய மாட்டுக்காக நின்றானோ,
எழுத்து தேய்ந்துவிட்டது.
கல் உள்ளங்கைக் கனம்கூட இல்லை.
அந்தக் காலத்திலும் யாரோ
இரண்டாம் கடிதம் போட்டிருப்பார்கள்.
பிஜய் கை கழுவின தண்ணீரை
அதன் காலடியில் ஊற்றாமல்
தள்ளிப் போய் ஊற்றினான். யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் கடிதம் நேற்று வந்தது.
கீழே ஒன்றரை அடி வெற்றிடம் விடவும்.
பிற்பாடு சேரும் பெயர்களுக்கு
ரப்பர் அச்சை நீங்களே அனுப்பித் தரவேண்டும்.
வருகிற வருஷங்களில் விலை ஏறும் என்பதால்
இன்றைய விலையையே இப்போது உறுதிசெய்ய இயலுமா?

சாப்பிட்டுக்கொண்டிருப்பான் அவன், இப்போது.
அல்லது பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பான்.

'ஒரு பேருக்கு எத்தனை எழுத்து வரும், சராசரியா?'
முதலாளி கால்குலேட்டரைத் தள்ளினார்.
முப்பத்துநாலு பேரையும் எண்ணினேன்.
நானூற்று எண்பத்தேழு.
வகுத்தால் பதினாலே சொச்சம்.

'பதினஞ்சுன்னு போடு.'

'புள்ளி?'

கொஞ்சம் யோசித்தார்.
'பாவம், கஷ்டத்துல இருக்காங்க.
புள்ளியை இலவசமாவே வெச்சுடு.'